சேர்வராயன் மலையில் ஒரு சிற்றூரின் வரலாற்றைத் தொகுக்க: எந்தப் பதிவேடு, எந்த வரிசை?

காப்பிப்பூ கேட்டது:

வணக்கம். ஏற்காடு வட்டத்தில், மலையின் கிழக்குச் சரிவில் நாற்பது வீடுகள் உள்ள ஓர் ஊரின் வரலாற்றைச் சிறு நூலாகக் கொண்டுவர ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. 60 பக்கம் போதும். கையில் இருப்பவை: அ-பதிவேட்டின் (கிராமத்தின் நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) நகல், பழைய கிரயப் பத்திரங்கள் ஏழு, கோயிலுக்கு முன்னால் மண்ணில் பாதி புதைந்து கிடக்கும் எழுத்துள்ள கல் ஒன்று, எண்பது வயதைக் கடந்த பெரியவர்கள் நான்கு பேர். இணையத்தில் ஏற்காடு என்று தேடினால் கலெக்டர், காபி, ஏரி, படகு என்றே வருகிறது. உள்ளே இருக்கும் ஊர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கேட்க வேண்டியவை மூன்று. முதலில் எதில் கை வைப்பது? பத்திரத்திலும் பெரியவர்கள் பேச்சிலும் வரும் காலத்தை ஆங்கில ஆண்டுக்கு எப்படி மாற்றுவது? அந்தக் கல்லை எப்படிப் படிப்பது?

புலப்படம் பதில்:

முதலில் பெயரில் கை வையுங்கள். ‘ஊர்’ என்று நாம் சொல்வது அரசுத் தாள்களில் மூன்று வேறு பொருள்: வருவாய்க் கிராமம், ஊராட்சி, குக்கிராமம். மூன்றுக்கும் எல்லை வேறு. ஏற்காடு மலையில் மிகச் சிறிய ஊர்கூடத் தனி வருவாய்க் கிராமமாக இருக்கும். அதே பக்கத்திலேயே நூறு வீடுள்ள ஊர் வெறும் குக்கிராமமாக இருக்கும். உங்கள் அ-பதிவேட்டின் முதல் பக்கத்தில் உள்ள கிராமப் பெயரும் எண்ணும் எவை என்று பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருவாய்க் கிராமத்தையே அலகாக வைத்து எண்ணுகிறது. பக்கத்து மூன்று குக்கிராமங்களையும் சேர்த்த தொகையை ஒரே ஊரின் தொகை என்று எழுதி அச்சான ஊர் நூல்கள் நிறைய உண்டு. அந்தத் தவறு முதல் அத்தியாயத்தில் நுழைந்துவிட்டால் கடைசிவரை எல்லாக் கணக்கும் சாயும்.

அடுத்து அ-பதிவேட்டைப் பட்டா எண்ணுக்காகப் பார்க்காமல், அரசுப் புறம்போக்கு வரிகளை மட்டும் தனியாக எடுத்து எழுதுங்கள். நத்தம், சுடுகாடு, மந்தைவெளி, வண்டிப்பாதை, நடைபாதை, ஓடை, கோயில், பாறை என்று ஒவ்வொரு புல எண்ணுக்கும் குறிப்பு இருக்கும். ஊரின் எலும்புக்கூடு அதுதான். நத்தம் என்று பதிவான இடத்தில் இன்று வீடே இல்லை என்றால் ஊர் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். ஏன் மாறியது என்பதே ஓர் அத்தியாயம்: சுனை வற்றியதா, நோய் வந்ததா, தோட்டத்து எல்லை வந்து முட்டியதா. நடைபாதை என்று போட்ட குறுகலான நீண்ட புல எண் ஊரிலிருந்து எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். கார் ரோடு வருவதற்கு முன் ஊர் எந்தச் சந்தையோடு உறவு வைத்திருந்தது என்று அது சொல்லிவிடும். கிழக்குச் சரிவு என்றால் ஏற்காடு டவுனை நோக்கிப் போகாமல், நேரே கீழே இறங்கும் பாதையாகவும் இருக்கலாம்.

இப்போது கிடைக்கும் அ-பதிவேடு யூ.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த) பணிக்குப் பின் வந்தது. அதாவது 1980-களில் திருத்தியது. அதில் ‘பழைய புல எண்’ என்று ஒரு கலம் இருக்கும். அந்தக் கலத்தை விட்டுவிட்டால் பழைய பத்திரங்களோடு ஒட்டவே ஒட்டாது. பத்திரத்தில் இருப்பது பழைய எண், இன்றைய புலப்படத்தில் இருப்பது புதிய எண். இரண்டையும் ஒரே எண் என்று எண்ணி வேறொருவர் நிலத்தின் கதையை உங்கள் நிலத்தின் கதையாக எழுதிவிடும் ஆபத்து இங்கேதான். வட்டாட்சியர் அலுவலகத்தில் யூ.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு கொடுக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘எங்கள் ஊர் வரலாறு வேண்டும்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. கிராமத்தின் பெயர், எண், பதிவேட்டின் பெயர், புல எண் எதுமுதல் எதுவரை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பரப்பளவிலும் கவனம் வேண்டும். புதிய பதிவேடு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கு. 0.40.5 என்று இருந்தால் அது நாற்பது சென்ட் இல்லை, ஏறத்தாழ ஒரு ஏக்கர். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட்.

மலைவழி பதில்:

புலப்படம் ஐயா சொன்னது அத்தனையும் சரி. வரிசையில் மட்டும் உடன்பாடில்லை. பதிவேடு அலுவலகத்தில் அடுத்த ஆண்டும் இருக்கும். எண்பது வயதைக் கடந்த நான்கு பேர் இருப்பார்களா? முதல் மாதம் முழுவதும் அவர்களோடு உட்காருங்கள்.

உட்கார்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. ‘எந்த ஆண்டு?’ என்று கேட்காதீர்கள். ‘அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, மூத்த பிள்ளை நடக்கிற வயதா?’ என்று கேளுங்கள். பெரிய நிகழ்ச்சிகளைக் கொக்கியாக வைத்து ஒவ்வொன்றையும் அதற்கு முன்னா பின்னா என்று தொங்கவிட வேண்டும். சேலம் மாவட்டத்துக்கு நல்ல கொக்கிகள் உண்டு. 1876-78 பெரும் பஞ்சத்தைத் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொன்ன பாட்டன்மாரின் பேச்சு இன்னும் பல வீடுகளில் மிச்சம் இருக்கிறது. மேட்டூர் அணை வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. கீழே கூலிக்குப் போனவர்கள் கதை அங்கே நிற்கும். மதுவிலக்கு 1937 அக்டோபர் 1 அன்று இந்த மாவட்டத்தில்தான் முதலில் வந்தது. சாராயம், கள் பற்றிய பேச்சு எதுவானாலும் அந்த நாளுக்கு முன்னா பின்னா என்று கேட்கலாம். அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல். பரம்பரை மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகள் ஒழிந்தது 1980 நவம்பர். ‘கணக்குப்பிள்ளை வந்து எழுதிக்கிட்டுப் போனாரு’ என்றால் அது 1980-க்கு முன்; ‘வி.ஏ.ஓ. வந்தாரு’ என்றால் பின்.

தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பும். தாது என்றால் 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். சொல்பவரின் வயதை வைத்தும், அவர் பார்த்ததா கேட்டதா என்பதை வைத்தும் மட்டுமே பிரிக்க முடியும். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் ‘கண்டது’, ‘அப்பா சொல்லக் கேட்டது’, ‘ஊரில் எல்லோரும் சொல்வது’ என்று மூன்றில் ஒன்றைக் குறித்தே தீர வேண்டும்.

பெரிய பிழை ஒன்று உண்டு. அதைச் செய்தால் நூலே கெட்டுவிடும். மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்லர், இந்த மலைகளின் பழங்குடியினர்) காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள், பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும் நடுவண்ணனும் சின்னண்ணனும் மற்ற மலைகளுக்கும் போனார்கள் என்ற கதை நூறாண்டுக்கு முன்பே அச்சில் ஏறிவிட்டது. ‘நீங்க காஞ்சியில இருந்துதானே வந்தீங்க?’ என்று கேட்டால் பெரியவர் ஆமாம் என்பார். அவர் தாத்தா சொன்னதா, பள்ளிக்கூடத்துப் பேரன் படித்துச் சொன்னதா என்று பிரிக்க முடியாமல் போய்விடும். அவராக எங்கே தொடங்குகிறார் என்று காத்திருங்கள். பல பெரியவர்கள் காஞ்சியில் தொடங்கமாட்டார்கள். குலசாமி எந்தப் பாறையில் இறங்கியது, முதல் கொல்லையை எங்கே வெட்டினார்கள் என்பதில் தொடங்குவார்கள். உங்கள் ஊருக்கே உரிய வரலாறு அதுதான், அச்சில் இல்லாதது.

சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்ற மூன்று நாட்டுப் பிரிவில் உங்கள் ஊர் எதில் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். கொள்வினை கொடுப்பினை, திருவிழாவில் யார் முறை, வழக்கு எந்த ஊரில் தீரும் என்பதெல்லாம் அதோடு பிணைந்தவை. வட்டம், ஒன்றியம் என்ற எல்லைகளை மட்டும் வைத்து எழுதினால் ஊரின் உறவுகள் அதில் தெரியாது. பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். எந்த ஊரில் பிறந்தவர், மாமியார் எந்த ஊர், அவருடைய மாமியார் எந்த ஊர் என்று மூன்று தலைமுறை எடுத்தாலே ஏறத்தாழ நூறு ஆண்டு உறவு வரைபடம் வந்துவிடும். இதை ஆண்கள் சொன்னால் பாதி தப்பாக இருக்கும்.

பதிவுக்கு கைபேசி போதும். விமான நிலையில் வையுங்கள். இல்லையென்றால் அழைப்பு வந்து பதிவு அறுபடும். பேசுபவரின் வாய்க்கும் கருவிக்கும் ஒரு சாண் இடைவெளி. திண்ணையில் வேண்டாம்; மலைக்காற்று மைக்கில் மோதி வரும் இரைச்சலை எந்த மென்பொருளும் முழுதாக நீக்காது. வேவ் கோப்பாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்தால் மோனோவில் மணிக்கு ஏறத்தாழ 520 எம்.பி. ஆகும். அன்று மாலையே இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அதைக் கணக்கில் வைத்து நாள் ஒதுக்குங்கள்.

கல்லெழுத்து பதில்:

கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து பெயர்த்து நிமிர்த்த வேண்டாம். பாதி புதைந்த கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறது, எவ்வளவு ஆழம், பக்கத்தில் வேறு கல் உண்டா என்பதெல்லாம் செய்திதான். பெயர்த்த அன்றே அது போய்விடும். முதலில் நான்கு பக்கமும் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அடிக்கோல் தெரியும்படி. பிறகு எழுத்துள்ள முகத்தை ஒட்டிய மண்ணை மட்டும் கையால் ஒதுக்குங்கள்.

எழுத்து இருந்தாலே பழங்கல்வெட்டு என்று முடிவு கட்டவும் வேண்டாம். மலையில் எழுத்துள்ள கல்லில் பல, காட்டு எல்லைக் கல்லாகவோ தோட்ட எல்லைக் கல்லாகவோ இருக்கும். எண்ணோ, ஒன்றிரண்டு ஆங்கில எழுத்தோ, அம்புக்குறியோ மட்டும் இருந்தால் அந்த வகை. அதையும் தூக்கி எறியாதீர்கள். தோட்டம் எதுவரை வந்தது என்பதற்கு அது சான்று. வில், வாள் ஏந்திய ஆள், மாடு, அருகில் வரிகள் என்றால் நடுகல். சூலம் மட்டும் இருந்தால் சிவன் கோயில் நிலத்தின் எல்லைக் கல்லாக இருக்க வாய்ப்பு மிகுதி. சேலம், தருமபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களில் பழையவை பல வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து வடிவத்தில் உள்ளவை. தமிழ் எழுத்துப் போலவும் இருந்து, படிக்கவும் வராமல் இருந்தால் அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

படிக்க எளிய வழி சாய்வெளிச்சம். இருட்டிய பிறகு ஒரு நல்ல டார்ச்சைக் கல்லின் முகத்தோடு ஏறத்தாழ ஒட்டினாற்போல, பத்துப் பதினைந்து பாகைச் சாய்வில் பிடியுங்கள். கேமராவை முக்காலியில் அசையாமல் வைத்து, டார்ச்சை மட்டும் இடம், வலம், மேல், கீழ் என மாற்றி நான்கு படம். நேர்வெளிச்சத்தில் தெரியாத கீறல் பக்கவெளிச்சத்தில் நிழலாக எழும். மாவு, சுண்ணாம்பு, சாக்பீஸ் பூசித் தேய்ப்பது எங்கும் நடக்கிறது. தேய்க்கிறவர் கண்ணுக்குத் தெரிந்த கோடுதான் வெள்ளையாகும். அடுத்து வருபவர் அந்தத் தப்பையே படிப்பார். எழுத்தின் பள்ளத்திலும் மாவு அடைந்து பாசி பிடிக்கும். கம்பி பிரஷ், ஆசிட் இரண்டும் கூடவே கூடாது. சேர்வராயன் மலைப் பாறை பெரும்பாலும் சார்னகைட், கருநீலச் சாயலுள்ள கடினக்கல். கடினம்தான், ஆனால் எழுத்தை ஆழமாக வெட்ட முடியாததால் மேல்தோல் கொஞ்சம் உரிந்தாலும் எழுத்து போய்விடும்.

மைப்படி (கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுக்கும் படி) எடுப்பதானால்: தண்ணீரும் தேங்காய்நார் பிரஷும் கொண்டு கழுவுங்கள். எண்ணெய், குங்குமம் படிந்திருந்தால் பூசாரியிடம் கேட்டு இரண்டு நாள் அபிஷேகத்தை நிறுத்திவிட்டுக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் தாள் ஒட்டாது. தண்ணீரை உறிஞ்சும் தடிமனான தாளை, கல்லைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டி, நனைத்து ஒட்டுங்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மயிர் பிரஷால் தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். கிழிந்த இடத்தில் அதே தாளில் ஒரு துண்டை நனைத்து மேலே வைத்துத் தட்டலாம். அதன் பிறகு காத்திருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாள் ஈரமாக மின்னும்போது மை போட்டால் பரவி எல்லாம் கறுப்பாகிவிடும். முழுதாகக் காய்ந்துவிட்டால் கல்லைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். விரல் வைத்தால் குளிர்ச்சி தெரிந்து ஈரம் ஒட்டாத நிலை வந்ததும், விளக்குப் புகைக்கரியும் பசையும் கலந்த மையைத் துணிப்பந்தில் தொட்டு, வேறொரு பலகையில் ஒற்றி, மிச்சத்தை மட்டும் தாளில் மெல்லத் தட்டுங்கள். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும். காய்ந்தபின் உரித்து, பின்பக்கத்தில் ஊர், நாள், கல் நிற்கும் திசை, அளவு எழுதுங்கள். இரண்டு படி எடுங்கள். பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் தாள் காயாது; ஜனவரி முதல் மார்ச் வரை, பகல் பத்து மணிக்கு மேல் பாருங்கள். காற்றுக்கு ஒரு படுதா தேவை.

மைப்படியையும் படங்களையும் மாநிலத் தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலருக்குக் காட்டுங்கள். வாசகத்தை நீங்களே நிரப்பிப் படிக்க வேண்டாம். தேய்ந்த இடத்தில் புள்ளிகள் விட்டு எழுதுவதுதான் முறை.

இன்னொன்று. சேர்வராயன் மலைக் கோயில்களில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், வழவழப்பான முக்கோண வடிவக் கற்கள் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய கற்காலக் கற்கோடரிகளை நிலத்தில் கண்டெடுத்துச் சாமியாக வைத்த வழக்கம் இந்த மலையில் உண்டு. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டுபிடித்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் குடியிருந்தது ஏற்காட்டில்தான். உங்கள் கோயிலில் இருந்தால் அளவெடுத்துப் படம் பிடியுங்கள், எடுத்துக்கொண்டு வராதீர்கள். இந்த மலையில் மனித வாழ்வு பல ஆயிரம் ஆண்டுப் பழமையானது என்பதற்கு அதைவிட நேரான சான்று உங்களுக்குக் கிடைக்காது. காபி வந்த 1820-களில் ஏற்காட்டின் வரலாறு தொடங்குவதாக எழுதுவது தோட்டத்துரைகளின் பார்வை. மலையாளி ஊரின் நூல் அந்த வாக்கியத்தோடு தொடங்கக் கூடாது.

காப்பிப்பூ:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு சந்தேகம். ஒரு பத்திரத்தில் ‘பசலி 1327’ என்று இருக்கிறது. பத்திரம் எழுதிய தேதி தனியாகத் தெரியவில்லை, அந்த மூலை செல்லரித்துவிட்டது. இன்னொரு தாள், மிகப் பழையது, பாட்டன் பூட்டன் காலம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதில் நிலத்தோடு ‘சில்வர் ஓக் மரம் 30’ என்று சேர்த்து எழுதியிருக்கிறது. எவ்வளவு பழையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1883-ல் வந்த சேலம் மாவட்ட மேனுவலில் எங்கள் ஊர்ப் பெயரைத் தேடினேன், இல்லை.

புலப்படம்:

பசலி என்பது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு. அதோடு 590 கூட்டுங்கள். 1327 என்றால் 1917. ஆனால் பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிவது. ஆகவே 1917 ஜூலை முதல் 1918 ஜூன் வரை. தை, மாசி மாதத்துப் பத்திரம் என்றால் 1918. மாதம் தெரியாதவரை ‘1917-18’ என்றே எழுதுங்கள்.

பதிவான பத்திரம் என்றால் பின்பக்கத்தில் பதிவு எண், ஆண்டு, ‘1-ஆம் புத்தகம், இத்தனையாம் தொகுதி, இத்தனையாம் பக்கம்’ என்று சார்பதிவாளரின் குறிப்பு இருக்கும். அது தப்பித்திருந்தால் செல்லரித்த மூலை பெரிய இழப்பில்லை, பதிவு அலுவலகத்தில் முழு நகல் கிடைக்கும். இணையத்தில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-க்குப் பின்னுள்ளதுதான். அதற்கு முந்தையதைக் கையால்தான் தேட வேண்டும். அங்கே பெயர் வாரியான முதல் அட்டவணையைவிட, சொத்து இருக்கும் கிராம வாரியான இரண்டாம் அட்டவணையைக் கேளுங்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, கட்டணம் செலுத்தி யாரும் அதைப் பார்வையிடலாம். அந்த ஊரில் அந்த ஆண்டு எத்தனை கிரயம், எத்தனை அடமானம் என்று வரிசையாக வரும். ஓர் ஆண்டில் மட்டும் அடமானம் குவிந்திருந்தால் அந்த ஆண்டில் ஊருக்கு என்ன வந்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.

பத்திரத்தின் செக்குபந்தியை, நான்கெல்லையை, எழுத்து விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ‘பலாமரத்துக்குக் கிழக்கு, இன்னாரின் கொல்லைக்குத் தெற்கு’ என்று வரும் சிறுபெயர்கள் அ-பதிவேட்டில் இருக்கவே இருக்காது. ஏழு பத்திரத்தின் செக்குபந்தியையும் ஒரே தாளில் வரைந்தால் ஊரின் பழைய நிலப்பெயர்கள் திரும்பி வந்துவிடும்.

பழந்தாள் பதில்:

சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்குரிய மரம். தாவரவியலார் அதற்குப் பெயர் வைத்ததே 1830-ல்தான். அதன் பிறகு இந்தியாவுக்கு வந்து, காபித் தோட்டத்து நிழலுக்கென்று மலைகளில் பரவியது. ஆகவே அந்தத் தாள் பதினெட்டாம் நூற்றாண்டுக்குரியதாக இருக்க வழியில்லை. முப்பது மரத்தை எண்ணிக் கிரயத்தில் சேர்க்கும் அளவுக்கு அவை வளர்ந்து நின்றன என்றால் இன்னும் பிந்தியது. தாளில் வேறு என்ன இருக்கிறது? ரூபாய்க்குப் பின் அணா, பை இருந்தால் 1957-க்கு முன் என்று பெரும்பாலும் கொள்ளலாம். நயா பைசா என்றால் பின். ஹெக்டேர் இருந்தால் மிகவும் பிந்தியது. முத்திரைத்தாளில் ராஜா, ராணி தலை இருந்தால் யார் தலை என்று பாருங்கள். விக்டோரியா 1901-ல் இறந்தார். தாள் பழுப்பாக இருப்பது காலத்துக்குச் சான்று இல்லை. மலை ஈரத்தில் 20 ஆண்டிலேயே தாள் பழுத்துவிடும்.

1883 மேனுவலில் பெயர் இல்லை என்பதை வைத்து ஊர் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இணையத்தில் உள்ள நகலில் இயந்திரம் படித்த எழுத்தைத்தான் நீங்கள் தேடியிருப்பீர்கள். ழகரத்துக்கு ஒருவர் எல் போட்டிருப்பார், ஒருவர் ஆர் போட்டிருப்பார். வாழவந்தி என்ற பெயரைக்கூட நான்கு விதமாகத் தேட வேண்டியிருக்கும். ‘குட்டை’, ‘சோலை’ என்று முடியும் பெயர்களின் கடைசி எழுத்தை அக்காலத்தில் வேறு விதமாக எழுதினார்கள். தேடல் பெட்டியை நம்பாமல் சேர்வராயன் மலை பற்றிய பக்கங்களை முழுதாக வாசியுங்கள். 1918-ல் வந்த மாவட்ட கெஜட்டியரையும் அப்படியே. இரண்டையும் எழுதியவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். வரி, காடு, தோட்டம் பற்றி அவர்கள் தரும் எண்களை நம்பலாம், மக்களின் குணத்தைப் பற்றி அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துப் போட வேண்டாம்.

மாவட்ட எண்களை ஒப்பிடும்போது எல்லை மாறியதை மறக்காதீர்கள். பழைய சேலம் மாவட்டத்துக்குள் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் இருந்தன. தருமபுரி 1965-ல் பிரிந்தது, நாமக்கல் 1997-ல். மாவட்டத் தொகை சட்டென்று குறைந்திருந்தால் பஞ்சமோ கொள்ளைநோயோ தேட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாள்களில் ஏற்காடு மலையைச் சேலம் தாலுகாவின் கீழ் தேடுங்கள்.

நிலவரைபடத்துக்கு இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள் எண் 58 ஐ/1 ஏற்காட்டைக் காட்டும். உங்கள் ஊர் கிழக்கே 78 பாகை 15 கலையைத் தாண்டியிருந்தால் அடுத்த தாள், 58 ஐ/5. பழைய பதிப்பு அங்குலத்துக்கு ஒரு மைல், புதியது சென்டிமீட்டருக்கு 500 மீட்டர். இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்தால் பாதை மாறியதும், ஊர் நகர்ந்ததும், காடு தோட்டமானதும் கண்ணுக்குத் தெரியும்.

ஊரை ஒட்டிக் காப்புக்காடு இருந்தால் அதன் அரசிதழ் அறிவிப்பைத் தேடியே ஆக வேண்டும். 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தில் 4-ஆம் பிரிவு அறிவிப்பு எண்ணத்தைச் சொல்வது, 16-ஆம் பிரிவு அறிவிப்பு முடிவைச் சொல்வது. இரண்டிலும் எல்லை விவரம் இருக்கும். அந்த எல்லை விவரத்தில் உங்கள் ஊர்ப் பெயர் வந்தால் அந்த ஆண்டில் ஊர் இருந்ததற்கு அரசே கொடுத்த சாட்சி அது. இடைப்பட்ட காலத்தில் யாருடைய உரிமைக் கோரிக்கைகளை ஏற்றார்கள், எவற்றைத் தள்ளினார்கள் என்ற விசாரணைத் தாள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேடும் நல்ல மூலம்: தகப்பன் பெயர், தொழில், ஊர் எல்லாம் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். ஜூன் மாதத்தில் சேர்ப்பதற்கு வயது சரியாக வரும்படி ஆசிரியர் போட்ட தேதிகள் அதில் ஏராளம்.

தாள்களை லேமினேட் செய்யாதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் தாளை வேகவைத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. எழுத்துத் தாளுக்கு 300 டி.பி.ஐ., புகைப்படத்துக்கு 600. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். செலோ டேப்பும் வேண்டாம்.

மலைவழி:

பழந்தாள் சொன்ன வன அறிவிப்போடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகளில் 13-ஆம் விதி எவையெவை சான்று என்று சொல்கிறது: கெஜட்டியர், கணக்கெடுப்பு, நில அளவை அறிக்கை, வரைபடம், கோரிக்கை வைத்தவர் அல்லாத பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம். நீங்கள் தொகுக்கும் தாள்களில் பாதி அந்தப் பட்டியலில் வரும். ஆகவே ஒவ்வொரு நகலின் மூலையிலும் எந்த அலுவலகம், எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம், எந்த நாள் எடுத்தது என்று குறியுங்கள். பெரியவர்களின் பேச்சை எழுத்தாக்கியதும் அவருக்கே திரும்பப் படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். கிராம சபையில் என்றைக்காவது தேவைப்படும்போது மறுபடி அலைய வேண்டியிருக்காது.

காப்பிப்பூ:

கடைசியாக ஒன்று. ஊர் இடம் மாறியது பெரிய பஞ்சத்தில் என்று இரண்டு பெரியவர்கள் சொல்கிறார்கள். 1917-18 பத்திரத்தின் செக்குபந்தியோ பழைய நத்தத்தை ‘குடியிருப்பு’ என்றே சொல்கிறது. நூலில் எதை எழுதுவது?

புலப்படம்:

இரண்டையும் எழுதுங்கள். பெரியவர்கள் சொன்னதை அவர்கள் சொற்களிலேயே ஒரு பத்தி, பத்திரம் சொல்வதை அடுத்த பத்தி. பஞ்சத்தில் பாதிக் குடும்பங்கள் மட்டும் நகர்ந்து, மீதி அங்கேயே இருந்திருக்கலாம். அதைச் சோதிக்க வழி இருக்கிறது: பழைய நத்தத்தில் எந்தக் குடும்பத்தின் குலசாமிக் கல் இன்னும் நிற்கிறது, எந்தக் குடும்பத்துக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு பட்டியல் போடுங்கள். பட்டியல் தயாரானதும் இங்கே பகிருங்கள், பத்திரத்தில் உள்ள பெயர்களோடு ஒத்துப் பார்க்கலாம்.